போதைப்பொருள் சார்பும் தாங்குதிறன் இழப்பும்: ஒரு விளக்க ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தடைசெய்யப்பட்ட போதைப்பொருட்கள் அனைத்தையும் 'போதை' என்னும் ஒரே சொல்லாலும், அவற்றைப் பயன்படுத்துவோர் அனைவரையும் 'அடிமை' என்னும் ஒரே சொல்லாலும் சுட்டுவது தமிழ்ப் பொதுவழக்கு. கஞ்சா, கொக்கைன், மெத்தம்பெட்டமைன், ஹெராயின் ஆகிய நான்கும் செயற்படும் முறையிலும், சார்பை உண்டாக்கும் வலிமையிலும், உயிரிழப்புக்கு இட்டுச்செல்லும் வழியிலும் வேறுபட்டவை. ஒரு பொருளின் இடர் அதன் வேதியியலால் மட்டும் அமைவதன்று. அது மூளையை எட்டும் வேகம், உட்கொள்ளும் சூழல், உடல் பெற்றுள்ள தாங்குதிறன் ஆகியவையும் சேர்ந்தே அதனை முடிவுசெய்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அபின் வகைப் பொருட்களைப் பொறுத்தவரை, பயன்பாட்டைக் கைவிட்டபின் வரும் முதற்சில வாரங்கள் உயிருக்கு மிகுந்த ஆபத்துடைய காலம் என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: போதைப்பொருள், சார்பு, தாங்குதிறன், விலகல் அறிகுறிகள், மீள்வீழ்ச்சி, மாற்று மருந்துச் சிகிச்சை.

முன்னுரை

சிகிச்சை மையம் ஒன்றில் முப்பது நாட்கள் தங்கி வெளிவரும் இளைஞரை அவருடைய குடும்பத்தினர் குணமடைந்தவராகவே கருதுகின்றனர். பசி திரும்பியிருக்கிறது; உறக்கம் சீராகியிருக்கிறது; முகம் தெளிந்திருக்கிறது. இவையனைத்தும் உண்மையே. ஆயினும் அவர் பயன்படுத்தியது ஹெராயினோ அதன் இனத்தைச் சேர்ந்த வலிநிவாரணியோ எனில், அவருடைய உயிருக்கான ஆபத்து அந்நாளில் குறைந்துவிடவில்லை, மாறாகக் கூடியிருக்கிறது. பொதுப்புத்திக்கு முரணாகத் தோன்றும் இவ்வுண்மையைப் புரிந்துகொள்ளச் சார்பு என்பது யாது, அது எவ்வாறு உருவாகிறது, பொருளுக்குப் பொருள் அது எங்ஙனம் மாறுகிறது என்பவற்றை அறிதல் வேண்டும்.

இந்திய அரசின் சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்திற்காக, புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தேசியப் போதைப்பொருள் சார்புச் சிகிச்சை மையம் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. 10 முதல் 75 வயது வரையுள்ள மக்களில் ஏறத்தாழ 2.8 விழுக்காட்டினர் கஞ்சா வகைப் பொருட்களையும், 2.1 விழுக்காட்டினர் அபின் வகைப் பொருட்களையும் பயன்படுத்துவதாக அது கணித்தது. அபின் வகைக்குள் ஹெராயின் 1.14 விழுக்காடும், மருந்துக்கடை வழியாக வரும் வலிநிவாரணிகள் 0.96 விழுக்காடும், அபின் 0.52 விழுக்காடும் ஆகும். மரபாக அறியப்பட்ட அபினைவிட ஹெராயின் இரு மடங்கிற்கு மேற்பட்டிருப்பது இவ்வறிக்கையின் கவலைக்குரிய பகுதி. மென்மையான பொருளின் இடத்தை விரைந்து செயற்படும் பொருள் பிடித்துவிட்டது என்பதே அதன் பொருள்.

'அடிமை', 'சார்பு': சொல்லும் பொருளும்

தமிழில் 'போதைக்கு அடிமை' என்னும் தொடர் நாளிதழ்களிலும் அரசு விளம்பரங்களிலும் நிலைபெற்றுவிட்டது. பக்தி மரபில் இறைவனுக்கு ஆட்பட்ட பெருமைநிலையைக் குறித்த 'அடிமை' என்னும் சொல், இங்கு மீட்சியற்ற இழிநிலையைக் குறிக்கிறது. சொல்லின் பொருள்மாற்றம் தனியே ஆராயத்தக்கது. இங்கு எழும் சிக்கல் வேறு. மூன்று வெவ்வேறு நிகழ்வுகளை இச்சொல் ஒன்றாக்கிவிடுகிறது.

முதலாவது, தாங்குதிறன். முன்பு பெற்ற அதே விளைவைப் பெற மேன்மேலும் அதிக அளவு தேவைப்படும் நிலை இது. இரண்டாவது, உடற்சார்பு. பொருளை நிறுத்தியவுடன் உடல் எதிர்வினையாற்றும் நிலை. அவ்வெதிர்வினைகளே விலகல் அறிகுறிகள். மூன்றாவது, வேட்கை. தீங்கு நேர்வதை அறிந்தும், நிறுத்த விரும்பியும், நிறுத்த இயலாமல் பொருளைத் தேடிச்செல்லும் நிலை. புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் பெறும் நோயாளியிடம் முதலிரண்டும் காணப்படலாம். மூன்றாவது பெரும்பாலும் காணப்படுவதில்லை. கொக்கைன் பயன்படுத்துவோரிடம் மூன்றாவது மிகக் கடுமையாகவும் இரண்டாவது மங்கலாகவும் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1964ஆம் ஆண்டிலேயே பழைய சொற்களைக் கைவிட்டுச் 'சார்பு' என்னும் பொருள்தரும் சொல்லைப் பரிந்துரைத்ததற்கு இத்தகைய குழப்பமே காரணம். அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் 2013இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூல், மருத்துவர் கண்காணிப்பில் மருந்து பெறுவோரிடம் காணப்படும் தாங்குதிறனையும் விலகல் அறிகுறிகளையும் நோய்க்குறிகளாகக் கணக்கிடலாகாது எனத் தெளிவாக வரையறுத்தது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 'அடிமையாகிவிடுவார்' என்னும் அச்சத்தால் இறுதிநிலைப் புற்றுநோயாளிக்கு மார்ஃபின் மறுக்கப்படும் வீடுகள் உள்ளன. 1985ஆம் ஆண்டின் போதைமருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டத்தின் கடுமையான உரிமமுறைகளும் மார்ஃபின் கிடைப்பதைக் கடினமாக்கியிருந்தன. அச்சிக்கலைத் தளர்த்தவே 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அச்சம் தேவையற்ற இடத்தில் மிகுந்தும், தேவையான இடத்தில் இல்லாமலும் போவதற்குச் சொல்லின் தெளிவின்மையும் ஒரு காரணமாகிறது.

வேட்கைக்கும் இன்பத்திற்கும் இடையிலான வேறுபாடும் இங்குக் கருதத்தக்கது. மூளையில் டோபமைன் என்னும் நரம்பு வேதிப்பொருள் சுரப்பதை 'இன்பம்' என்று எளிமைப்படுத்துவதுண்டு. டெர்ரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் ஆகியோர் 1993இல் முன்வைத்த கோட்பாடு இதனை மறுத்தது. அவர்களின் விளக்கப்படி, டோபமைன் பெரிதும் வேட்கையைக் கூர்மையாக்குகிறதேயன்றி இன்பத்தைத் தருவதில்லை. எனவேதான் நெடுநாள் பயன்பாட்டாளர்கள், அப்பொருளில் இன்பமே இல்லை என்று கூறிக்கொண்டே அதனைத் தேடி அலைகின்றனர். இக்கூற்றைக் குடும்பத்தினர் பொய் என்றே கொள்கின்றனர். அது பொய்யாக இருக்கவேண்டியதில்லை.

மூளையை எட்டும் வேகம்

வேதியியலால் ஒன்றான பொருள், வழியால் வேறாகும் என்பதற்குக் கொக்கைனைவிடச் சிறந்த சான்று இல்லை. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்கள் கோக்கா இலையைப் பல்லாயிரம் ஆண்டுகளாக மென்றுவருகின்றனர். இலையிலுள்ள கொக்கைன் மிகச் சிறிதளவே. அதுவும் வாயின் உட்தோல் வழியாக மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கிறது. களைப்பும் பசியும் தணிகின்றன; கடுமையான சார்பு அரிதே. 1860ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய வேதியியலர் ஆல்பெர்ட் நீமன் கொக்கைனைத் தனியே பிரித்தெடுத்தபின், அது தூளாகி மூக்கின் வழியே உறிஞ்சப்படலாயிற்று. விளைவு சில நிமிடங்களில் எழுந்தது, சார்பும் வலுத்தது. 1980களில் அமெரிக்க நகரங்களில் 'கிராக்' எனப்படும் புகைக்கத்தக்க வடிவம் பரவியது. நுரையீரலின் பரப்பு மிகப் பெரிது. புகையாக உட்சென்றது ஏறத்தாழ பத்து நொடிகளில் மூளையை அடைகிறது.

மூளை கற்றுக்கொள்ளும் முறையே இதற்குக் காரணம். ஒரு செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையே உள்ள காலம் குறையக் குறைய, அவ்விரண்டையும் பிணைக்கும் கற்றல் வலுவடைகிறது. டோபமைன் எவ்வளவு உயர்கிறது என்பதோடு எவ்வளவு விரைவாக உயர்கிறது என்பதும் முக்கியமாகிறது. விரைவாக ஏறியது விரைவாக இறங்கவும் செய்கிறது. இறக்கத்தின் வெறுமை மறுமுறைக்குத் தூண்டுகிறது. ஒரே இரவில் பலமுறை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இவ்வாறு தோன்றுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பாடம் என்பதால், கற்றலும் பன்மடங்காகிறது.

இவ்வறிவியலை அமெரிக்கச் சட்டம் விபரீதமாகப் பயன்படுத்தியதும் உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டம் 5 கிராம் கிராக்கிற்கும் 500 கிராம் தூளுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையை விதித்தது. தூள் வசதிபடைத்தோரிடமும், கிராக் ஏழைக் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளிலும் மிகுந்திருந்ததால், நூற்றுக்கு ஒன்று என்னும் இவ்விகிதம் இனப் பாகுபாடாகவே முடிந்தது. 2010இல்தான் அது பதினெட்டுக்கு ஒன்று எனக் குறைக்கப்பட்டது. மருந்தியல் வேறுபாடு உண்மை. ஆனால் நூறு மடங்கு என்பதற்கு மருந்தியலில் இடமில்லை.

கொக்கைன் டோபமைனை மீளுறிஞ்சும் கடத்திப் புரதத்தை அடைத்துவிடுகிறது. இதயத்தின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் இளவயதினரிடமும் மாரடைப்பை உண்டாக்குகிறது. மதுவுடன் சேரும்போது கல்லீரலில் கோக்காஎத்திலீன் என்னும் புதிய பொருள் உருவாகி, அதைவிட நீண்ட நேரம் உடலில் தங்கி இதயத்தைத் தாக்குகிறது. இதனை நிறுத்தும்போது வாந்தியோ வலிப்போ வருவதில்லை. சோர்வும் நீண்ட உறக்கமும் மனத்தளர்ச்சியுமே தோன்றும். உடல்சார்ந்த விலகல் அறிகுறிகள் மங்கலாக இருந்தமையால், இது சார்பை உண்டாக்காது என்று 1980களின் தொடக்கம் வரை மருத்துவ உலகில் கணிசமானோர் கருதினர். சார்பின் மூன்று கூறுகளையும் ஒன்றெனக் கொண்டதன் விலை அது.

மெத்தம்பெட்டமைன் 1893இல் ஜப்பானிய வேதியியலர் நாகாய் நாகயோஷியால் உருவாக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் படைகளுக்குப் 'பெர்விட்டின்' என்னும் பெயரில் மாத்திரையாக வழங்கப்பட்டது. கொக்கைன் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடலில் பாதியாகக் குறைய, இதற்குப் பத்து மணி நேரத்திற்கு மேலாகிறது. இது மீளுறிஞ்சலை அடைப்பதோடு நில்லாமல், நரம்புமுனையில் சேமிக்கப்பட்ட டோபமைனையே வெளியே தள்ளுகிறது. பல நாட்கள் உறக்கமின்மை, உடல்வெப்ப உயர்வு, பற்சிதைவு, பிறர் தம்மைப் பின்தொடர்வதாகக் கொள்ளும் ஐயவெறி ஆகியன இதன் விளைவுகள். ஹெராயினுக்கு உள்ளதுபோல் ஏற்கப்பட்ட மாற்று மருந்து இதற்கு இன்றுவரை இல்லை. நன்னடத்தைக்குச் சிறு பரிசுகள் வழங்கும் நடத்தைச் சிகிச்சையே ஓரளவு பயன்தருகிறது.

கஞ்சா: மிகைப்படுத்தலும் குறைத்துமதிப்பிடலும்

கஞ்சாவைப் பற்றிய உரையாடல் இரு துருவங்களில் நிகழ்கிறது. ஒருமுறை தொட்டவர் மீளமுடியாது என்பது ஒன்று. அது மூலிகைதானே என்பது மற்றொன்று. இரண்டும் பிழையானவை.

கஞ்சாவின் முதன்மை வேதிப்பொருளான டெட்ராஹைட்ரோகன்னாபினாலை இஸ்ரேலிய அறிவியலர்கள் ரஃபேல் மெக்கூலம், யெகியேல் கவோனி ஆகியோர் 1964இல் பிரித்தறிந்தனர். அது பொருந்தும் ஏற்பி மூளையில் இருப்பது பின்னர் உறுதியாயிற்று. அந்த ஏற்பிக்கென மூளை தானே சுரக்கும் பொருள் 1992இல் கண்டறியப்பட்டபோது, அதற்கு வடமொழி 'ஆனந்த' என்னும் சொல்லிலிருந்து 'ஆனந்தமைடு' எனப் பெயரிடப்பட்டது. மூச்சை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதியில் இந்த ஏற்பிகள் மிகக் குறைவு. ஆகையால் கஞ்சாவின் மிகையளவு, ஹெராயினைப்போல் மூச்சை நிறுத்திக் கொல்வதில்லை.

அமெரிக்காவில் நடைபெற்ற தேசிய இணைநோய் ஆய்வின் தரவுகளைக் கொண்டு ஜேம்ஸ் ஆந்தனியும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட கணக்கீடு இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஒரு பொருளை ஒருமுறையேனும் பயன்படுத்தியோரில் பிற்காலத்தில் சார்பு நிலையை அடைந்தோர் புகையிலைக்கு 32, ஹெராயினுக்கு 23, கொக்கைனுக்கு 17, மதுவுக்கு 15, கஞ்சாவுக்கு 9 விழுக்காடு. சட்டப்படி விற்கப்படும் புகையிலை முதலிடம் பெறுவது நோக்கத்தக்கது. சார்பு உண்டாக்கும் வலிமைக்கும் சட்டத்தின் தடைக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதை இவ்வரிசை காட்டுகிறது. இந்தியச் சட்டத்திலும் இத்தகைய முரண் உண்டு. பூந்துணரும் காய்த்துணரும் மட்டுமே 'கஞ்சா' என வரையறுக்கப்பட்டமையால், தனியே உள்ள இலையிலிருந்து செய்யப்படும் 'பாங்' அச்சட்டத்தின் வரையறைக்கு வெளியே நிற்கிறது. செடி ஒன்றே.

ஒன்பது விழுக்காடு என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பதின்பருவத்தில் தொடங்குவோரிடம் அது ஆறில் ஒருவர் என உயர்கிறது. மூளையின் முன்மடல் இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருப்பதே இதற்குரிய விளக்கம். மேலும், ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாகப் பதினோரிடங்களில் நடைபெற்று 2019இல் மார்த்தா டி ஃபோர்ட்டி முதலானோர் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் கஞ்சா பயன்படுத்துவோருக்கு உளப்பிறழ்வு நோய் ஏற்படும் வாய்ப்பு பயன்படுத்தாதோரைவிட மூன்று மடங்காகவும், வீரியம் மிகுந்த வகையை நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு ஏறத்தாழ ஐந்து மடங்காகவும் காணப்பட்டது. கஞ்சாவின் ஆபத்து மூச்சில் இல்லை. வயதிலும் வீரியத்திலும் உள்ளது. அந்த இடத்தைச் சுட்டாமல் 'உயிரைக் குடிக்கும்' எனப் பொதுவாக அச்சுறுத்தினால், உயிர்போகாததைக் கண்ட மாணவர் ஹெராயின் பற்றிய எச்சரிக்கையையும் நம்பமாட்டார். அச்சுறுத்தலின் பின்விளைவுகளுள் இதுவே மிகக் கொடியது எனலாம்.

அபின் வகைப் பொருட்கள்

அபினிலிருந்து மார்ஃபினும், மார்ஃபினிலிருந்து ஹெராயினும் பெறப்பட்ட வரலாறு வேகத்தின் வரலாறேயாகும். 1874இல் இலண்டனில் ஆல்டர் ரைட் முதலில் உருவாக்கிய சேர்மத்தை, ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1898இல் இருமல் மருந்தாக 'ஹெராயின்' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மார்ஃபினோடு இரண்டு அசிட்டைல் தொகுதிகள் இணைவதால் அது கொழுப்பில் எளிதாகக் கரைகிறது. இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையிலான தடையை விரைந்து கடக்கிறது. உள்ளே சென்றதும் மீண்டும் மார்ஃபினாகவே மாறுகிறது. ஹெராயின் என்பது விரைந்து மூளையை எட்டும் மார்ஃபினே.

இப்பொருட்கள் பொருந்தும் ஏற்பிகள் 1973இல் கண்டறியப்பட்டன. வலியைக் கடத்தும் பாதைகளிலும், வேட்கைக்குரிய பகுதியிலும், குடலிலும், மூளைத்தண்டின் மூச்சு மையத்திலும் அவை உள்ளன. ஆகவே ஒரே மருந்து வலியைத் தணிக்கிறது, இன்பம் தருகிறது, மலச்சிக்கலை உண்டாக்குகிறது, மூச்சைக் குறைக்கிறது. தொடர்ந்து அழுத்தப்படும் நரம்பணுக்கள் தம் செயற்பாட்டைக் கூட்டி ஈடுசெய்கின்றன. இவ்வீடுசெய்தலே தாங்குதிறன். அழுத்தும் பொருள் திடீரென நீங்கும்போது, கூட்டப்பட்ட செயற்பாடு தடையின்றிப் பொங்குகிறது. மலச்சிக்கல் இருந்த இடத்தில் வயிற்றுப்போக்கு, சுருங்கிய கண்மணி இருந்த இடத்தில் விரிந்த கண்மணி, தணிந்த வலியின் இடத்தில் எலும்பெல்லாம் வலி, இதமான வெம்மையின் இடத்தில் மயிர்க்கூச்செறியும் குளிர் என விலகல் அறிகுறிகள் மருந்தின் விளைவுகளை அப்படியே தலைகீழாக்கிக் காட்டுகின்றன. ஹெராயினில் இவை 6 முதல் 12 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் உச்சமடைந்து, ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்குகின்றன. தாங்கமுடியாத துன்பமேயன்றி, நலமுள்ள உடலில் இவை உயிரைப் பறிப்பது அரிது. கடுமையான குடிநோயாளி மதுவைத் திடீரென நிறுத்தும்போது வரும் வலிப்பும் பிதற்றல் நிலையும் இதனினும் ஆபத்தானவை.

சென்னையிலும் பிற மாவட்டங்களிலும் டேப்பன்டடால் முதலிய வலிநிவாரணி மாத்திரைகளைத் தவறாகப் பயன்படுத்தும் வழக்கம் இளைஞரிடையே பரவியிருப்பதைக் காவல்துறை, மருத்துவத்துறைச் செய்திகள் தொடர்ந்து சுட்டுகின்றன. 'மாத்திரைதானே' என்னும் எண்ணம் இதற்குத் துணைநிற்கிறது. மாத்திரையாக விழுங்கப்படுவதற்கென அளவிடப்பட்ட மருந்து ஊசிவழி ஏற்றப்படும்போது, வேகம் பற்றி மேலே கூறியவை அனைத்தும் இதற்கும் பொருந்துகின்றன. அதற்குமேல், மாத்திரையில் சேர்க்கப்படும் கரையாத நிரப்புப்பொருட்கள் நுண்ணிய குழாய்களை அடைத்துச் சீழ்க்கட்டி, திசு அழுகல், நுரையீரல் பாதிப்பு ஆகியவற்றை உண்டாக்குகின்றன. ஊசியைப் பகிர்வதால் எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் சி தொற்றுகள் பரவுகின்றன.

தாங்குதிறன் இழப்பு

தாங்குதிறன் எல்லா உறுப்புகளிலும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. இன்ப உணர்வு மங்குவது விரைவாகவும், மூச்சு மையம் பழகிக்கொள்வது மெதுவாகவும் முழுமையின்றியும் நிகழ்கின்றன. ஆகையால் பழைய இன்பத்தைத் தேடி அளவைக் கூட்டக் கூட்ட, இன்பம் தரும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடைப்பட்ட வெளி சுருங்கிக்கொண்டே வருகிறது. மதுவும் தூக்கமாத்திரையும் உடன்சேர்ந்தால் அவ்வெளி முற்றிலும் மறைந்துவிடக்கூடும்.

பயன்பாட்டை நிறுத்தினால் தாங்குதிறன் சில நாட்களிலேயே குறையத் தொடங்கி, சில வாரங்களில் பெரிதும் நீங்கிவிடுகிறது. உடல் மறந்துவிடுகிறது, மனம் மறப்பதில்லை. வேட்கையும், வழக்கமான அளவு பற்றிய நினைவும் அப்படியே நிற்கின்றன. ஒருமுறை தவறி, முன்பு எடுத்துக்கொண்ட அதே அளவை எடுப்பவரின் மூச்சு மையம் இப்போது புதியவரின் மூச்சு மையம். முன்பு நாள்தோறும் தாங்கிய அளவு இன்று உயிரை எடுத்துவிடுகிறது.

இலண்டனைச் சேர்ந்த ஜான் ஸ்ட்ராங் முதலானோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதனை வெளிப்படையாகக் காட்டியது. உள்நோயாளிகளாகச் சிகிச்சை பெற்ற 137 பேரைப் பின்தொடர்ந்ததில், முதல் நான்கு மாதங்களுக்குள் மிகையளவால் இறந்த மூவரும், சிகிச்சையை முழுமையாக முடித்துத் தாங்குதிறனை இழந்த 37 பேர் கொண்ட பிரிவைச் சேர்ந்தவர்கள். இடையில் வெளியேறியோர் பிரிவில் அத்தகைய மரணம் நிகழவில்லை. எண்ணிக்கை சிறிது, ஆயினும் திசை தெளிவானது. சிறைகளிலிருந்து கிடைக்கும் சான்று பெரிது. வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானோரைப் பற்றி இங்ரிட் பின்ஸ்வேங்கர் முதலானோர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, விடுதலையான முதல் இரு வாரங்களில் போதைப்பொருள் மிகையளவால் இறக்கும் வாய்ப்பு, அம்மாநிலப் பொதுமக்களைவிட 129 மடங்கு. சிறையும் சிகிச்சை மையமும் நோக்கத்தில் வேறுபட்டவை. தாங்குதிறனை அழித்து, வேட்கையை அழிக்காமல் ஒருவரை வாயிலில் விடுவதில் இரண்டும் ஒன்றே.

இடமும் நினைவும்

தாங்குதிறன் உடலில் மட்டும் உறைவதன்று. ஓரளவு இடத்திலும் உறைகிறது. கனடாவின் ஷெப்பர்டு சீகல் முதலானோர் 1982இல் எலிகளைக் கொண்டு செய்த சோதனை இத்துறையில் புகழ்பெற்றது. எலிகளுக்குக் குறிப்பிட்ட ஓர் அறையில் ஹெராயின் சிறுகச் சிறுகக் கூட்டித் தரப்பட்டுப் பழக்கப்பட்டது. பின்னர் ஒரு பெரிய அளவு தரப்பட்டது. பழக்கப்படாத எலிகளில் 96 விழுக்காடு இறந்தன. பழக்கப்பட்டவற்றுள் வழக்கமான அறையில் பெற்றவை 32 விழுக்காடும், வேறோர் அறையில் பெற்றவை 64 விழுக்காடும் இறந்தன. அளவு ஒன்றே, பழக்கமும் ஒன்றே. அறை மாறியதும் மரணம் இருமடங்காயிற்று. வழக்கமான இடத்தின் அடையாளங்களைக் கண்டவுடன் வரப்போகும் மருந்துக்கு எதிராக உடல் முன்கூட்டியே தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. புதிய இடத்தில் அவ்வாயத்தம் நிகழ்வதில்லை.

இடத்தின் வலிமை மறுதிசையிலும் செயற்படும். வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஹெராயின் அல்லது அபின் சார்பில் இருந்தார். 1971இல் தாயகம் திரும்பியோரைத் தொடர்ந்து ஆராய்ந்த லீ ராபின்ஸ், அங்குச் சார்புற்றிருந்தோரில் முதலாண்டில் 5 விழுக்காட்டினரும், மூன்றாண்டுக்குள் ஏறத்தாழ 12 விழுக்காட்டினருமே மீண்டும் சார்புற்றனர் எனக் கண்டறிந்தார். பெரும்பாலோர் சிறப்புச் சிகிச்சை எதனையும் பெறவில்லை. பொருள் மாறவில்லை, போர்முனையும், அதன் தோழமையும், எளிதிற் கிடைத்த மலிவான ஹெராயினும் பின்னே நின்றுவிட்டன. சென்னையின் சிகிச்சை மையத்திலிருந்து வெளிவரும் இளைஞருக்கு இவ்வாய்ப்பு இல்லை. அவர் திரும்பிச் செல்வது பொருளைப் பெற்ற அதே தெருவிற்கு, அதே நண்பர்களிடம். அத்தெருவின் ஒவ்வொரு மூலையும் வேட்கையை எழுப்பும். அதற்கஞ்சிக் குடும்பத்தினர் வேற்றூருக்கு அனுப்புவதும் உண்டு. அது மீள்வீழ்ச்சியின் வாய்ப்பைக் குறைக்கக்கூடும். ஆனால் அங்கே ஒருமுறை தவறினால் இடம் தரும் காப்பும் இருக்காது.

மாற்று மருந்துச் சிகிச்சை

தாங்குதிறன் இழப்பே கொல்கிறது எனில், வேட்கை அடங்கும்வரை அதனைக் காத்துவைப்பது ஒரு வழி. நியூயார்க்கின் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் இணையர் 1965இல் மெத்தடோன் கொண்டு தொடங்கிய சிகிச்சை இக்கருத்தின் மீதே எழுந்தது. பின்னர் வந்த புப்ரெனார்ஃபின், ஏற்பியை இறுகப் பற்றினாலும் அதனைப் பகுதியளவே தூண்டுவது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் மூச்சடக்கம் கூடுவதில்லை என்பது அதன் சிறப்பு. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்கள் வழி இச்சிகிச்சை வழங்கப்படுகிறது. பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த பகுப்பாய்வில், மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 11.3 மரணங்களும், சிகிச்சைக்கு வெளியே 36.1 மரணங்களும் பதிவாயின.

ஒரு போதையை விடுத்து மற்றொன்றைத் தருவதா என்னும் வினா இங்கு எழும். தமிழ்நாட்டின் அனுபவமே அதற்கு விடையளிக்கிறது. 1990களில் சென்னையில் ஊசிவழிப் பயன்பாட்டாளரிடையே புழங்கிய முதன்மைப் பொருட்களுள் புப்ரெனார்ஃபின் ஊசிமருந்தும் ஒன்று. இன்று நாவின்கீழ் வைத்துக் கரையவிடும் மாத்திரையாக, பணியாளரின் கண்முன்னே, நாளுக்கு ஒருமுறை தரப்படுவதும் அதே மருந்தே. மெல்ல ஏறி, நெடுநேரம் நின்று, மெல்ல இறங்கும்போது அது வேட்கைக்குப் பாடம் கற்பிப்பதில்லை. விலகல் துன்பத்தை மட்டும் தடுத்து, வேலைக்குச் செல்லவும் உறங்கவும் இடந்தருகிறது. 2019ஆம் ஆண்டு அறிக்கையின்படி, தடைசெய்யப்பட்ட பொருட்களின் சார்புடையோரில் இருபதில் ஒருவரே உள்நோயாளிச் சிகிச்சையை எப்போதேனும் பெற்றிருக்கிறார். சட்டத்தின் 64அ பிரிவு, தாமே முன்வந்து சிகிச்சை பெறும் சார்புநோயாளிக்குச் சில குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. இப்பிரிவைக் குடும்பங்கள் அறிந்திருந்தால், வழக்குக்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்க்கும் தயக்கம் ஓரளவு குறையும்.

மாற்று மருந்து பெறாமல் முழுவிலக்கைத் தேர்ந்து வீடு திரும்புவோருக்கு, வெளியேறும் நாளில் சொல்லவேண்டியவை சில உண்டு. அவற்றுள் முதலாவது நோயாளிக்கு உரியது: பழைய அளவு இனி அவருடைய அளவு அன்று. மற்றவை குடும்பத்தினருக்கு உரியவை. ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு, உலுக்கியும் எழாத நிலை, நிமிடத்திற்குச் சில முறை மட்டும் இழுக்கும் மூச்சு ஆகியவை மிகையளவின் அறிகுறிகள். தொண்டையில் கரகரக்கும் ஆழ்ந்த குறட்டையும் அவற்றுள் ஒன்று. பல நாட்கள் உறங்காதிருந்த பிள்ளை இன்று நன்றாக உறங்குகிறான் என எண்ணி, அக்குறட்டையைக் கலைக்காமல் கதவைச் சாத்திவிடும் பெற்றோர் உண்டு. அந்நேரத்தில் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும். மருத்துவமனையில் செலுத்தப்படும் நாலாக்சோன் என்னும் முறிமருந்து சில நிமிடங்களில் மூச்சை மீட்டுத்தரும். ஆனால் அதன் ஆற்றல் 30 முதல் 90 நிமிடங்களே நீடிக்கும். உடலில் உள்ள போதைப்பொருள் அதைவிட நெடுநேரம் நிற்கக்கூடும். கண்விழித்துப் பேசியவர் மீண்டும் மூச்சடங்க நேரிடும் என்பதால், விழித்தவுடன் வீட்டிற்கு அழைத்துச் செல்லாமல் சில மணிநேரமேனும் மருத்துவமனைக் கண்காணிப்பில் வைத்திருத்தல் இன்றியமையாதது.